42 பல்லும் ஏலகிரியும்

அசோக் நகரில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ஏற்றம் என்பது பெரும்பாலும் அரசு கட்டிக்கொடுத்த பொருள். அசோக் தூணிலிருந்து நூறடிச் சாலையில் தெற்கே போனால் கத்திப்பாரா மேம்பாலம், வடக்கே போனால் வடபழனி மேம்பாலம். மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் இரண்டும் முடிந்துவிடும். இயற்கையான மேடு வேண்டுமென்றால் பறங்கிமலைதான் கதி. அதுவும் சுமார் 300 அடிதான். 1802ல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கப் புறப்பட்டபோது, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் அடிக்கோட்டை அந்த மலையை ஒட்டித்தான் போட்டார். அத்தனை தூரம் நேர்கோடு இழுக்க இடம் கொடுத்த மண் இது. இங்கே ஒரு சைக்கிளுக்கு எத்தனை கியர் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அதனால்தான் இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளின் மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளிவரும் எண்பதுகளின் ரேஸ் சைக்கிள்கள் சென்னைக்குள் ராஜாபோல ஓடுகின்றன. கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய எஃகுக் குழாய்ச் சட்டம், சாய்வுக் குழாயில் கியர் மாற்ற இரண்டு சின்ன நெம்புகோல்கள். டயர், ட்யூப், பிரேக் கேபிள் மாற்றி, பால்ரஸ்களுக்குக் கிரீஸ் போட்டால் ஈ.சி.ஆர். சாலையில் மாமல்லபுரம்வரை புகார் சொல்லாமல் போய்வரும். வம்பு தொடங்குவது அதன் உரிமையாளர் ஏலகிரிக்குப் போக ஆசைப்படும்போதுதான்.

ஜோலார்பேட்டைப் பக்கத்துச் சமவெளியிலிருந்து ஏலகிரி ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். மேம்பாலம்கூட ஏறாத ஆள் நேராக இங்கே வந்தால், மூன்றாம் புலவரைத் தாண்டுவதற்குள் இறங்கித் தள்ளுவார். தள்ளிக்கொண்டே இருவிதமாக யோசிப்பார். ஒன்று, தனக்குத் தெம்பு இல்லை. இரண்டு, சைக்கிள் ரொம்பக் கனம். கார்பன் சைக்கிள் வாங்க வேண்டும். இரண்டுமே தவறு என்பது என் கட்சி. குற்றவாளி பெடலுக்குப் பக்கத்தில் இருக்கும் 42 பல் சக்கரம்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அந்தக் காலத்து ரேஸ் சைக்கிளில் முன்னால் இரண்டு செயின்வீல்கள்: பெரிதில் 52 பல், சிறிதில் 42 பல். பின்னால் ஃப்ரீவீலில் ஐந்தோ ஆறோ சக்கரங்கள். மிகச் சிறியதில் 14 பல், மிகப் பெரியதில் 24 பல் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்துக்கு இருக்கும் ஆகச் சுலபமான சேர்க்கை 42க்கு 24. பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 42 ÷ 24, அதாவது 1.75 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆகவே ஒரு மிதிச் சுற்றுக்குச் சைக்கிள் 3.7 மீட்டர் நகரும். தரையில் இது நிதானமான கியர்தான். மலையில்?

இந்தியச் சாலைக் காங்கிரசின் வரையறைப்படி செங்குத்தான மலைப்பகுதிச் சாலைக்கு வழக்கமான சரிவு 6 சதவீதம். வேறு வழியே இல்லாத இடங்களில் 8 வரை அனுமதி. நடுவில் 7 என்று எடுத்துக்கொள்வோம்: 100 மீட்டர் போனால் 7 மீட்டர் உயர வேண்டும். ஆளும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 85 கிலோ. இந்தச் சரிவில் புவியீர்ப்பு பின்னுக்கு இழுப்பது ஏறக்குறைய 58 நியூட்டன். டயர் உருளும் தடையையும் கொஞ்சம் காற்றையும் சேர்த்தால் 64. தினமும் ஓட்டுகிற, ஆனால் பந்தயக்காரர் அல்லாத ஒருவரால் ஒரு மணி நேரம் தொடர்ந்து 140 வாட் கொடுக்க முடியும் என்று கொள்வோம். அந்தத் திறனுக்கு மலையில் கிடைக்கும் வேகம் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் சொச்சம்.

இந்த வேகத்தை எந்த கியரும் மாற்றாது. கியர் என்பது உழைப்பைக் குறைக்கும் கருவி என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது சரியில்லை. 85 கிலோவை 500 மீட்டர் உயர்த்த 4 லட்சத்துச் சொச்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். உடம்பு தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கைத்தான் இயக்கமாக மாற்றும் என்பதால், தின்றதிலிருந்து சுமார் 400 கிலோகலோரி செலவாகும். 42 பல்லில் ஏறினாலும் சரி, 34 பல்லில் ஏறினாலும் சரி, இந்தக் கட்டணத்தில் தள்ளுபடி கிடையாது. கியர் செய்வது அதே கட்டணத்தைச் சின்னச் சின்னத் தவணைகளாகப் பிரித்துத் தருவதுதான்.

தவணை எவ்வளவு என்பதில்தான் முட்டியின் தலையெழுத்து இருக்கிறது. 42க்கு 24ல், மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில், பெடல் நிமிடத்துக்கு 34 சுற்றுதான் சுற்றும். கிராங்க் நீளம் 170 மில்லிமீட்டர் என்றால் பெடல் மீது சராசரியாக 220 நியூட்டன், அதாவது 22 கிலோ எடைக்குச் சமமான விசை விழ வேண்டும். இது சராசரி மட்டுமே. கிராங்க் செங்குத்தாக நிற்கும்போது அழுத்திப் பயனில்லை. கிடைமட்டமாக வரும்போதுதான் கால் உண்மையில் வேலை செய்கிறது. அந்தக் கணத்தில் விசை இதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் போகும். இருக்கையில் உட்கார்ந்தபடி அத்தனை விசை கொடுக்க முடியாமல் எழுந்து நிற்கிறோம். நின்றால் உடம்பைத் தாங்கும் வேலையும் காலுக்கே வந்து சேர்கிறது.

இப்போது முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று மாற்றுங்கள். ஒரு மிதிச் சுற்றுக்கு 2.1 மீட்டர். அதே வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 60 சுற்றுச் சுற்றும். சராசரி விசை 22 கிலோவிலிருந்து 13 கிலோவுக்கு இறங்கிவிடும். 500 மீட்டர் உயரத்துக்கு முன்பு 1,900 சுற்றுகள், இப்போது 3,400. எண்ணிக்கை கூடியதைத் தசை கண்டுகொள்வதே இல்லை, விசை குறைந்ததைத்தான் கொண்டாடுகிறது.

ஏன் அப்படி என்பதற்குப் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஆர்ச்சிபால்ட் ஹில் 1938ல் ஒரு சமன்பாடு தந்தார். தசை மெதுவாகச் சுருங்கும்போது விசை அதிகம். வேகமாகச் சுருங்கும்போது விசை குறைவு. விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது திறன். அந்தத் திறன் உச்சத்தைத் தொடுவது தசையால் முடிந்த அதிகபட்ச வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில். நிமிடத்துக்கு 34 சுற்று என்பது அந்த உச்சத்துக்கு வெகு கீழே. போதாக்குறைக்கு, ஒவ்வொரு மிதிக்கும் பெரிய விசை கேட்டால் மெதுவிழைகள் போதாமல் வேகவிழைகளும் களமிறங்க வேண்டும். அவை தசையில் சேமித்த சர்க்கரையை வேகமாகக் காலி செய்துவிட்டு முதலில் களைத்துப்போகும். மூச்சு இன்னும் மிச்சம் இருக்க, தொடை மட்டும் செத்துப்போகும் அனுபவம் இதுதான். நல்ல கியரில் ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கும். ஆனால் கால் கைவிடாது. மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம்.

எடைக் கட்சியின் வாதத்தையும் கேட்டுவிடுவோம். ஒரு பெரிய தொகை கொடுத்து மூன்று கிலோ குறைந்த சைக்கிள் வாங்கினால் 85 கிலோ 82 ஆகும். குறைவது மூன்றரை சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது இரண்டு நிமிடம். பெடல் விசையும் அதே மூன்றரை சதவீதம்தான் குறையும். பல் எண்ணிக்கையை மாற்றியபோது குறைந்ததோ 43 சதவீதம். பந்தயத்தில் இரண்டு நிமிடம் பெரிய விஷயம். ஏலகிரிக் கடையில் டீ குடிக்கப் போகிறவருக்கு அது கிளாஸ் ஆறுகிற நேரம்.

அப்படியானால் பழைய சைக்கிளில் ஏன் 42க்குக் கீழே போடவில்லை? பாதி வரலாறு, பாதி வீம்பு. பிரான்ஸில் சேன் எத்தியென் நகரத்துப் பால் த விவி, மலையேறச் சைக்கிளுக்குப் பல கியர் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே எழுதியும் ஏறிக்காட்டியும் வந்தவர். தூர் த பிரான்ஸ் பந்தயத்தை 1903ல் தொடங்கிய ஆன்றி தெக்ரான்ஜுக்கோ கியர் என்றாலே இளக்காரம். அது வயசானவர்களுக்கு என்பது அவர் எண்ணம். அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் டெரெய்லியர் அனுமதிக்கப்பட்டது 1937ல்தான். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்திலிருக்கும் பெரிய பல்சக்கரத்தில் செயினை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். கியர் வந்த பிறகும் அந்த மனோபாவம் போகவில்லை. நம் ஆளைப்போல இரண்டு மடங்குக்கு மேல் திறன் கொடுக்கும் தொழில்முறை வீரருக்கு 42 பொருந்தியது. அவர் ஓட்டியதைப் பார்த்துக் கடையில் விற்கும் சைக்கிளிலும் அதையே மாட்டினார்கள்.

மீதிப் பாதி வடிவியல். செயின்வீலைக் கிராங்கோடு பிணைக்கும் ஐந்து போல்ட்டுகள் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கும். இத்தாலியின் கம்பனோலோ நிறுவனத்து ரெகார்ட் கிராங்கில் அந்த வட்டத்தின் விட்டம் 144 மில்லிமீட்டர். பல நிறுவனங்கள் அதையே பின்பற்றின. சைக்கிள் செயினின் கண்ணிக்குக் கண்ணி தூரம் 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். இதிலிருந்து கணக்கிட்டால் 42 பல் சக்கரத்தில் செயின் ஓடும் வட்டம் 170 மில்லிமீட்டர். போல்ட்டுகள் உள்ளே வசதியாக அடங்கும். 34 பல்லுக்கு அந்த வட்டம் 138 மில்லிமீட்டர். போல்ட்டுகள் 144ல் நிற்கின்றன, செயின் 138ல் ஓட வேண்டும்! நடக்காத காரியம். 144 கிராங்கில் 41 பல்லுக்குக் கீழே போகவே முடியாது. பின்னால் வந்த 130 மில்லிமீட்டர் கிராங்கில் 38 வரை இறங்கலாம். 34 வேண்டுமென்றால் 110 மில்லிமீட்டர் வட்டமுள்ள கிராங்க் தேவை. கடையில் போய் ‘சின்ன செயின்வீல் இருக்கா’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவதற்குக் காரணம் இந்த மூன்று எண்கள்தான்.

அதனால் கையை வைக்க வேண்டிய முதல் இடம் பின்பக்கம். ஃப்ரீவீல் ஹப்பின் மரையில் திருகி உட்காரும் தனி உறுப்பு. மரை ஆங்கில அளவு (1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 இழை) என்றால் புதிதாக விற்கும் ஃப்ரீவீல் அப்படியே ஏறும். பழைய பீஜோ போன்ற பிரெஞ்சு சைக்கிள் என்றால் நிதானியுங்கள். மரை கொஞ்சமே வேறுபடும். ஏறுவதுபோல ஏறி ஹப்பின் மரையைத் தின்றுவிடும். நம் ஊரில் விற்கும் குறைந்த விலை கியர் சைக்கிள்களில் 14லிருந்து 28 பல் வரையுள்ள ஃப்ரீவீல் சாதாரணம். ஷிமானோவின் ஏழு சக்கர ஃப்ரீவீல் ஒன்று 34 வரை போகிறது: 14, 16, 18, 20, 22, 24, பிறகு ஒரே தாவலில் 34. அந்தத் தாவலைச் சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது. சென்னைக்குள் முதல் ஆறு போதும். ஏழாவது மலைக்கு மட்டும். முன்பக்கம் 42ஐத் தொடாமலே இதை மாட்டினால் ஒரு மிதிச் சுற்றுக்கு 2.6 மீட்டர், சராசரி விசை 16 கிலோ. பாதிக்கும் மேற்பட்ட பலன் இதிலேயே கைக்கு வந்துவிடுகிறது.

பழைய ஃப்ரீவீலைக் கழற்றுவது ஒரு கலை. ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது, நாற்பது வருஷமாக. அதன் வாய்க்குப் பொருந்தும் புல்லரை வைஸில் கவ்வி, சக்கரத்தை அதன் மேல் படுக்க வைத்து, ரிம்மைப் பிடித்து லாரி ஸ்டீயரிங்போல இடப்பக்கம் திருப்ப வேண்டும். உளியும் சுத்தியும் எடுத்து வருகிற மெக்கானிக்கிடமிருந்து சைக்கிளைப் பணிவாக வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பெரியமேட்டில் சைக்கிள் கடைகள் நெருங்கியிருக்கும் தெருவில் புல்லரும் கிடைக்கும், அதைப் பிடிக்கத் தெரிந்தவரும் கிடைப்பார்.

ஐந்து சக்கர ஃப்ரீவீலுக்காகச் செய்த சட்டத்தில் பின்பக்க இடைவெளி 120 மில்லிமீட்டர். ஆறு, ஏழுக்கு 126 வேண்டும். இங்கேதான் எஃகு தன் பெருமையைக் காட்டுகிறது. பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் மெதுவாக விரித்தால் எஃகு அப்படியே நின்றுகொள்ளும். அலுமினியத்திலும் கார்பனிலும் இதை முயலவே கூடாது. விரித்த பிறகு இரு கால்களும் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று நூல் கட்டிப் பார்க்க வேண்டும். ஆக்சிலுக்கு வாஷர் சேர்த்து, ஸ்போக்ஸ் கம்பிகளை இழுத்து ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கோட்டம் எடுக்கத் தெரிந்தவருக்கு அரைநாள் வேலை.

அடுத்தது கடைக்காரர்கள் ‘பின் கியர்’ என்று சொல்லும் டெரெய்லியர். ரேஸ் சைக்கிளில் இருப்பது குட்டைக் கூண்டு. 26 அல்லது 28 பல்லுக்கு மேல் எட்டாது. இன்னொரு வரம்பும் உண்டு. பெரிய சக்கரத்திலிருந்து சின்னதுக்குப் போகும்போது தொங்கும் செயினை எவ்வளவு சுருட்டிக்கொள்ளும் என்பது அது. முன்பக்க வித்தியாசத்தையும் பின்பக்க வித்தியாசத்தையும் கூட்டுங்கள். பழைய அமைப்பில் 10ம் 10ம், 20 பல். 50, 34 செயின்வீல்களும் 14லிருந்து 34 ஃப்ரீவீலும் போட்டால் 16ம் 20ம், 36 பல். மலைச் சைக்கிளுக்கான நீண்ட கூண்டு டெரெய்லியர்தான் இதற்குச் சரி. அதன் நல்ல வடிவத்துக்கு ஜப்பானின் சன்டூர் நிறுவனத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். டெரெய்லியரின் இணைகரத்தைச் சாய்த்து வைத்தால் அது எல்லாப் பல்சக்கரங்களையும் ஒரே நெருக்கத்தில் தொடர்ந்து போகும் என்று 1964ல் அங்கே கண்டுபிடித்தார்கள். எண்பதுகளின் மத்தியில் காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

புது டெரெய்லியர் பழைய நெம்புகோலோடு சேருமா என்ற பயம் வேண்டாம். இன்றைய கியர்கள் ‘க்ளிக், க்ளிக்’ என்று அளந்து நகர்பவை. நிறுவனம் மாறினால், சக்கர எண்ணிக்கை மாறினால் ஒத்துப்போகாது. பழைய நெம்புகோல் வெறும் உராய்வில் நிற்பது. கை எங்கே நிறுத்துகிறதோ அங்கே நிற்கும். ஐந்தோ ஏழோ, எந்த நாட்டுப் பொருளோ, அதற்குக் கவலையில்லை. பழசு புதுசை வெல்லும் இடம் இது.

செயினைப் புதிதாகப் போடும்போது நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. முன்னால் பெரியது, பின்னால் பெரியது, இரண்டிலும் டெரெய்லியருக்குள் நுழைக்காமல் செயினைச் சுற்றுங்கள். இணையும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் கூட்டி வெட்டுங்கள். இதைவிடக் குறைந்தால், என்றாவது தவறி அந்தச் சேர்க்கைக்கு மாற்றும் நொடியில் டெரெய்லியர் பிய்ந்து ஸ்போக்ஸுக்குள் போகும்.

முன்பக்கக் கிராங்கை மாற்றுவது கடைசிக் கட்டம். பலருக்குத் தேவையே படாது. கொல்லிமலையின் 70 வளைவுகளோ, மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டியின் 36 வளைவுகளோ கனவில் வந்தால் மாற்றுங்கள். 2008ல் தொடங்கிய நீலகிரி சைக்கிள் பயணத்தில் வருகிறவர்கள் பயபக்தியோடு பேசுவது கல்லட்டியைப் பற்றித்தான். 110 மில்லிமீட்டர் கிராங்கோடு அதற்கு ஏற்ற நீளமுள்ள பி.பி. ஆக்சிலும் (கிராங்கைத் தாங்கும் அச்சு) வாங்க வேண்டும். இல்லாவிட்டால் செயின் கோணலாக ஓடும். 52 போய் 50 வந்தால் வேகம் போய்விடுமே என்பவர்களுக்கு: 50க்கு 14ல் நிமிடத்துக்கு 90 சுற்றுச் சுற்றினால் மணிக்கு 40 கிலோமீட்டர். நூறடிச் சாலையில் அந்த வேகம் நமக்கு வாய்க்கப்போவதில்லை.

ஒற்றை கியர் கறுப்பு சைக்கிள்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 22 போட்டால் விசை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். கொல்லிமலைக்குப் போதாது, பறங்கிமலைக்கு உதவும். இந்த வட்டாரத்துக்காரர்கள் எந்த மாற்றத்தையும் முதலில் பறங்கிமலைச் சாலையில் சோதித்துவிடுவதே நல்லது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஏறும்போது ஒரு நுணுக்கம். கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரம்தான் ஏறுகின்றன. உள்விளிம்பின் தூரம் மட்டும் குறைவு. ஆகவே அங்கே சரிவு கடுமை. இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில், வலப்பக்கம் திரும்பும் வளைவில் தானாகவே வெளிவிளிம்பு கிடைக்கும். இடப்பக்க வளைவுதான் முட்டியைப் பதம் பார்க்கும். அங்கே நுழைவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். பெடல் திணறும்போது உராய்வு நெம்புகோலை இழுத்தால் செயின் பல் மாறாமல் நறநறக்கும்.

ஏற வழி சொல்லிவிட்டு இறங்குவதைச் சொல்லாமல் விடுவது பாவம். மேலே போகச் சேர்த்த 4 லட்சம் ஜூலும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்; நிதானமாக இறங்கினால் பெரும்பகுதி பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாகத்தான் முடியும். ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. நாற்பது வயதான பிரேக் கட்டை கல்லாகிக் கிடக்கும். ஃப்ரீவீல் வாங்கும் அதே நாளில் நான்கு பிரேக் கட்டைகளும் இரண்டு கேபிள்களும் வாங்கிவிடுங்கள். ரிம் குரோம் பூசிய எஃகு என்றால், நனைந்ததும் பிடிப்பு வெகுவாகக் குறையும். அலுமினிய ரிம் மாட்டும்வரை மழை நாளில் மலைக்குப் போகாதீர்கள்.